தோணி மேடம் குடியிருந்த முப்பத்தேழு ஊர்கள்

பல்கலைக்கழக வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பி, மருந்துக்கடையைத் தாண்டி, வளைவில் இருக்கும் தபால்பெட்டி வரைக்கும் வந்தாயிற்று. இனி சாலையைக் கடக்க வேண்டியதுதான். தோணி மேடம் கடக்கவில்லை. மவுஸின் மேல் வைத்த விரல் அப்படியே நிற்கிறது.

"ஏங்க, இங்க சிக்னலே இல்ல. குட்டி எப்படித் தனியா கிராஸ் பண்ணுவா?"

சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருக்கும் கணவர் தலையைக்கூட நீட்டாமல் கேட்கிறார். "எந்த ஊர்ல?"

"புது ஊர்லதான். நேத்து வந்தோமே."

நேற்று எங்கும் வரவில்லை. திரையில் தெரியும் அந்த ஊருக்கு இங்கிருந்து போய்ச் சேர இரண்டு நாள் பிடிக்கும்; இந்த வீட்டில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் மானிடவியல் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியர் தேவை என்று நேற்றுக் காலை விளம்பரம் கொடுத்திருந்தது. அவ்வளவுதான். மேடம் மத்தியானமே பெட்டி படுக்கையோடு அங்கே குடியேறிவிட்டார்.

இது பதினோரு வருஷத்துப் பழக்கம். விளம்பரம் கண்ணில் பட்டதும் மற்றவர்கள் சம்பளம் என்ன, தகுதி என்ன என்று பார்ப்பார்கள். மேடம் பார்ப்பது ஊரின் வரைபடத்தை. அதில் தெருத்தெருவாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களே, அதற்குள் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். துறைக் கட்டடம் எது, பக்கத்தில் வாடகைக்கு எந்த மாடி காலியாக இருக்கும் மாதிரித் தெரிகிறது, ஜன்னல் கிழக்கே பார்க்கிறதா, பால் எங்கே வாங்குவது, குட்டியின் பள்ளிக்கூடம் எத்தனை நிமிட நடை. எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசித் தேதியைப் பார்ப்பார். சில சமயம் அது போன வாரமே முடிந்துபோயிருக்கும்.

நடந்ததையெல்லாம் நீளக்கோடு போட்ட ஒரு நோட்டில் எழுதுவார். ஊருக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் கண்ணால் கண்டது, வலது பக்கம் மனசில் பட்டது. கள ஆய்வுக்குப் போனபோது கைக்கு வந்த பழக்கம், இன்னும் விடவில்லை. ஏழாவது ஊரின் இடது பக்கத்தில், 'ரொட்டிக்கடை வாசலில் மூன்று படிகள். நடுப்படி உடைந்திருக்கிறது' என்று இருக்கிறது. வலது பக்கத்தில், 'மழைநாளில் இதில் யாரோ வழுக்கியிருக்கிறார்கள். என்னைப் போலக் குடையை மறந்த ஒருத்தி' என்று இருக்கிறது. இப்படி முப்பத்தேழு ஊர். அடேயப்பா, ராஜாக்கள்கூட இத்தனை ஊரில் வீடு வைத்திருக்க மாட்டார்கள்.

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இந்த ஊரில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக, சுத்தமாக இருக்கும். மனைவியின் குடியேற்றங்களில் அவருக்கு இருக்கும் அக்கறை ஒன்றே ஒன்றுதான்.

"கடைக்கு இடம் பார்த்தியா?"

"பார்த்தேன். நல்ல முக்கு. ஆனா எதிர்லயே ஒரு கண்ணாடிக்கடை இருக்கு."

"அப்போ வேணாம்ப்பா. போன ஊர்லயும் இப்படித்தான், எதிர்க்கடைக்காரன் நம்மள நிம்மதியா இருக்க விடல."

போன ஊரிலும் கடை வைக்கவில்லை, எதிர்க்கடைக்காரர் யாரென்றும் தெரியாது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் வரும் பாருங்கள், உண்மையாகவே நஷ்டப்பட்டவர் போல! மேடத்துக்கு அந்த முகத்தைப் பார்த்தால் போதும், வேலை கிடைத்தமாதிரி இருக்கும்.

பிறகு கடிதம் வரும். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இம்முறை...' என்பதற்கு மேல் மேடம் படிப்பதில்லை. நோட்டை எடுத்து, அந்த ஊரின் இரண்டாம் பக்கத்து அடியில், 'காலி செய்தோம்' என்று எழுதித் தேதி போடுவார். இருபத்துமூன்றாவது ஊரில் ஒரு மதில்மேல் பூனை உட்கார்ந்திருந்தது. படம் எடுத்த அன்றைக்கு உட்கார்ந்தது, எப்போது போய்ப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். அந்த ஊரைக் காலி செய்தபோது குட்டிக்கு ஆறு வயது. "பூனைய யாரு பார்த்துப்பா?" என்று அழுதாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது ஒன்பது வயதாகிறது. அம்மாவின் போக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எப்போதாவது அவளாகவே கணினியைத் திறந்து அந்தத் தெருவுக்குப் போய்ப் பூனையைப் பார்த்துவிட்டு வருகிறாள். யாரிடமும் சொல்வதில்லை.

மேடத்தின் ஏக்கம் இன்னும் விசித்திரமானது. வானொலிச் செய்தியில் எங்கோ வெள்ளம் என்றால் காதைத் தீட்டிக்கொள்வார். "நம்ம பன்னெண்டாவது ஊருங்க. படிக்கட்டுக்குக் கீழ சைக்கிள் வைப்போமே, அங்கல்லாம் தண்ணி வந்திருக்கும்" என்பார். பேருந்தில் ஜன்னலோரம் கண்ணயரும்போது ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். துறைமுக ஊரின் ரொட்டிக்கடைக்குள் போய், பின்வாசல் வழியாக மலை ஊரின் தெருவில் வெளியே வருவார். காற்று சில்லென்று இருக்கும். கையில் ரொட்டி சூடாக இருக்கும். நடத்துநர் "கடைசி ஸ்டாப் மேடம், இறங்குங்க" என்று தோளருகே வந்து சொல்லும்போது, எந்த ஊரில் இறங்குகிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் திகைப்பார்.

இறங்குவது இந்த ஊரில்தான். பதினோரு வருஷமாக இதே நிறுத்தம், இதே மூன்றாம் மாடி, இதே மானிடவியல் துறை. மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைத் தூர நின்று கேட்காமல் கூடவே இருந்து பார்த்து எழுதுகிற படிப்பு அது. "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று சொந்தக்காரர்கள் இருபது வருஷமாகக் கேட்கிறார்கள், மேடமும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். துறையின் நடைகூடத்தில் பழைய பேராசிரியர்கள் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்த கூடைகளும் மீன்பொறிகளும் கண்ணாடி அலமாரிக்குள் தூசியோடு தூங்குகின்றன. அதைத் தாண்டினால் அறைகள். கதவுதோறும் பெயர்ப்பலகை. மேடத்துக்குக் கதவு கிடையாது. நகலெடுக்கும் இயந்திரம் இருக்கும் அறையில், அதன் சூடான மூச்சு படுகிற இடத்தில், ஒரு மேசை. மேசையின் இழுப்பறையில் தாமே எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டு. அவருக்கு வரும் கடிதங்கள் 'மற்றவை' என்று எழுதிய பெட்டியில் விழும்.

காரணம், அவர் ஒப்பந்த விரிவுரையாளர். ஆண்டுக்கு ஒரு தாள். கல்வியாண்டு தொடங்கும்போது கையெழுத்துப் போடுவார், முடியும்போது அதுவும் முடியும், மறுபடி ஒரு தாள் வரும். பதினோரு தாள் ஆகிவிட்டது. ஆனால் முதலாண்டு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், துறை என்றால் அவர்களுக்கு மேடம்தான். முதல் வகுப்பிலேயே எல்லோரையும் பேருந்து நிறுத்தத்துக்குத் துரத்திவிடுவார். "ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்க. யாரு யாருக்கு இடம் விடுறாங்கன்னு பாருங்க. கேள்வி கேட்காதீங்க, தீர்ப்புச் சொல்லாதீங்க. பார்த்ததை மட்டும் எழுதிட்டு வாங்க." திரும்பி வருகிற பிள்ளைகளின் கண்ணே வேறு மாதிரி இருக்கும்.

'தோணி மேடம்' என்று பெயர் வைத்ததும் அந்தப் பிள்ளைகள்தான். மேடம் முனைவர் பட்டத்துக்காக ஓர் அகலமான ஆற்றின் கரையில் மூன்று வருஷம் தோணிக்காரர்களோடு இருந்தவர். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்கள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஐந்தாவது நிமிஷம் மேடம் தோணிக்குள் ஏறிவிடுவார். அதில் ஒரு கதையை ஆண்டுதோறும் சொல்வார். தோணியைத் தள்ளுவதற்கு முன்பு தோணிக்காரர் தலை எண்ணுவாராம். குழந்தை, கிழவர், கூடையோடு வருகிறவர், ஓசியில் வருகிறவர் எல்லோரையும் விரல் நீட்டி எண்ணுவார். தன்னை மட்டும் எண்ண மாட்டார். "ஏன் உங்களைச் சேர்த்துக்கலை?" என்று மேடம் ஒருநாள் கேட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இறங்கிட்டா தோணி ஏதும்மா? என்னை எதுக்கு எண்ணணும்?"

இதைச் சொல்லிவிட்டு மேடம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முப்பத்தேழாவதான அந்தப் புது ஊரையும் காலி செய்த பிறகு ஒரு நாள் துறைத்தலைவர் மேடத்தைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். துறைக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. ஆறு வருஷமாக மேலிடத்தோடு மோதி வாங்கியது.

"விளம்பரத்தை நீயே எழுதிக் குடுத்துடும்மா. உனக்குத் தெரியாததா?" என்று சொல்லி, கண்ணைச் சிமிட்டினார்.

பூசணிக்காய் அளவுக்குப் பெரிய ஜாடை. வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டிருப்பார்கள். மேடம் என்ன நினைத்தார் தெரியுமா? சாருக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, பாவம் என்று நினைத்தார். பிறகு தம் மேசைக்குப் போய், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முப்பத்தேழு ஊர் விளம்பரங்களிலும் இருந்த நல்ல வரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். விளம்பரம் என்றால் அவருக்குத் தெரியாதது இல்லை. எந்த வரி ஆளை அழைக்கும், எந்த வரி வாசலிலேயே நிறுத்திவிடும் என்று அத்துப்படி. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். படித்துப் பார்த்தால் அந்த ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றும். அவருக்கே தோன்றியது. தாம் ஏற்கெனவே அந்த ஊரில்தான் இருக்கிறோம் என்பது சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

துறைத்தலைவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மூன்று குழுக்கள் தாண்டி, விளம்பரம் வெளிவந்துவிட்டது. வெளிவந்த அன்று காலை நடைகூடமே அதிர ஒரு குரல் கேட்டது.

"என்னம்மா இது? மருத்துவ மானிடவியலா?"

"ஆமா சார்," என்றார் மேடம், பெருமையோடு. "நம்ம துறைல என்ன இல்லேன்னு உட்கார்ந்து யோசிச்சேன். மலை மக்களுக்கு நீங்க இருக்கீங்க. சந்தை, வியாபாரத்துக்குப் பக்கத்து ரூம் சார் இருக்கார். ஆறு, தோணி, அந்தப் பக்கத்துக்கு நான் இருக்கேன். நோய் நொடி, ஆஸ்பத்திரின்னு போய் ஜனங்களோட இருந்து பார்த்த ஆள்தான் நம்மகிட்ட இல்ல. அதான் அந்தத் துறைல ஆய்வு கட்டாயம்னு போட்டேன்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரல் ஏனோ இறங்கிவிட்டது.

"நீ எங்கம்மா இருக்கே?"

"சார்?"

"துறைல இல்லாத ஆள் நீதாம்மா! காகிதத்துல நீ எங்க இருக்கே? உன்னை உள்ள கொண்டு வரத்தானே நான் ஆறு வருஷம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். உன்னையே எழுதச் சொன்னா, எதுக்குச் சொல்றேன்னு புரிஞ்சுக்க வேணாமா?"

துறைத்தலைவர் சொன்ன மீதியும் மெதுவாக மேடத்தின் காதில் விழுந்தது. அச்சேறிய விளம்பரத்தைத் திருத்த முடியாது. நிரந்தர ஆள் வந்துவிட்டால் ஒப்பந்த ஆளுக்கு இடமில்லை. பன்னிரண்டாவது தாள் வராது. தாம் எழுதிய விளம்பரத்தின்படி தேடி வருகிற யாரோ ஒருவர் அந்த முதலாண்டுப் பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்புவார், அல்லது அனுப்பாமலும் போவார். மேடம் தம் மேசைக்கு வந்து, நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஒளித்து மறைக்க என்ன இருக்கிறது? நன்றாகவே அழுதார். நகலெடுக்க வந்த மாணவி ஒருத்தி ஒன்றும் கேட்காமல், பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு திரும்பிப் போனாள். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் கணவரின் கடைக்குப் போனார். ஒரு பெரியவர் கண் சோதிக்கும் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். "இது தெளிவா, அது தெளிவா?" என்று வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த கணவர், பெரியவர் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, மேடம் சொன்னதையெல்லாம் கேட்டார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"உன் தோணிக்காரங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போனதே கிடையாதா?"

"ஏன் இல்லாம? தோள்வலி இல்லாத ஆளே கிடையாதுங்க. துடுப்பு போடுற பக்கத்துத் தோள். வலிக்குதுன்னு மத்தவங்க எதிர்ல சொல்ல மாட்டாங்க. சொன்னா ஜனங்க வேற தோணிக்குப் போயிடுவாங்கன்னு பயம். ஒருத்தர் ரெண்டு வருஷம் பொண்டாட்டிகிட்டயே சொல்லாம இருந்தார். அந்தம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? அவர் சட்டை மாட்டறப்போ எந்தக் கைய முதல்ல விடுறார்னு பார்த்து..."

அரைமணி நேரம் பேசினார். வெந்நீரில் நனைத்த துணியை எப்படிச் சுற்றுவார்கள், யார் தோள் எப்போது போய்விட்டது என்று தோணி போகிற கோணலை வைத்தே கரையில் இருப்பவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்றெல்லாம். கணவர் கடை விளக்கைக்கூடப் போட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை எழுது," என்றார்.

"இது ஏமாத்துற மாதிரி இருக்காதாங்க?"

"அவங்களுக்கு வலிச்சுதா இல்லையா?"

"வலிச்சுது."

"நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் இதுல என்னப்பா ஏமாத்து?"

பழைய கள நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள். தோள்வலி மட்டும் அறுபத்துநான்கு பக்கம் இருந்தது. மேடத்துக்கே ஆச்சரியம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். அந்த வாரம் எந்த ஊருக்கும் போகவில்லை, ஆற்றங்கரையில்தான் இருந்தார். குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, ஆத்துலேர்ந்து வந்துட்டியா, இன்னும் இல்லையா?" என்று வாசலிலேயே கேட்பாள்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. மேடம் தம் விண்ணப்பத்தை அச்சிட்டு, நீலநிறக் கோப்பில் போட்டு எடுத்து வந்திருந்தார். துறை அலுவலகத்தில் எழுத்தர் இல்லை. மேடம் 'அண்ணே' என்று கூப்பிடும் அந்த மனிதர் காகிதக்கட்டு வாங்கக் கீழே போயிருந்தார். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. பழக்கதோஷம், எடுத்துவிட்டார்.

ஒரு பெண்ணின் குரல். தூரத்து ஊர். பின்னால் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. "உதவிப் பேராசிரியர் விளம்பரம் பார்த்தேங்க. என் ஆய்வே ஆஸ்பத்திரி வார்டுலதான். அனுப்பலாமா வேணாமான்னு இன்னும் யோசனையாவே இருக்கு. பையனைக் கூட்டிக்கிட்டுத்தான் வரணும். அங்க பக்கத்துல ஸ்கூல் இருக்குங்களா?"

"இருக்கு," என்றார் மேடம். "கேட்லேர்ந்து வலது பக்கம் திரும்புங்க. துணி தேய்க்கிற கடை வரும், அங்க எப்பவும் ஒரு ரேடியோ பாடிக்கிட்டிருக்கும். அதைத் தாண்டி பழைய பாலம். பாலத்துல இடது ஓரமா நடங்க, வலது ஓரத்துல காத்து ஜாஸ்தி, குழந்தைக்குத் தொப்பி பறந்துடும். இறங்கினதும் பச்சைக் கேட்டு, அதான் ஸ்கூல். ஒன்பது நிமிஷ நடை. சிக்னல் இருக்கு. எதிர்ச்சந்துல ரெண்டாவது மாடியில வீடு காலியா இருக்கு, ஜன்னல் கிழக்க பார்த்தது. காலைல வெயில் வந்து தரையில நீளமாப் படுத்துக்கும்."

சொல்லச் சொல்ல மேடத்துக்கே ஒரு மாதிரியாக இருந்தது. முப்பத்தேழு ஊர் நோட்டிலும் இல்லாத ஊர் இது. இங்கே அவர் ஒருநாளும் இப்படி நடந்து பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல ஊர்! துணி தேய்க்கும் கடையின் ரேடியோ காதில் கேட்டது. பாலத்துக் காற்று புடவைத் தலைப்பை இழுத்தது.

அந்தப் பக்கத்துக் குரல் தயங்கியது.

"இதைக் கேட்கக் கூடாதுதான். அந்த இடத்துக்கு உள்ளயே யாராவது ஆள் இருக்காங்களாங்க? இருந்தா சொல்லிடுங்க, நான் போடல. இது எனக்கு இருபத்திரெண்டாவது. ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டு எங்களைக் கறிவேப்பிலையா யூஸ் பண்றாங்க. இன்னொரு தரம் தாங்காதுங்க."

மேடத்தின் மடியில் நீலக் கோப்பு இருந்தது. 'இருக்காங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது முழுப் பொய்யும் ஆகாது. துறைத்தலைவர் மனசில் ஓர் ஆள் இருக்கத்தானே செய்கிறார்? அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவாள். முப்பத்தேழு தடவை இதே கேள்வியை யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்திருக்கிறது, கேட்டதில்லை. கேட்டிருந்தால் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்களா?

"அந்த விளம்பரத்தை எழுதினவளை எனக்கு நல்லாத் தெரியும்மா," என்றார். "யாரையும் மனசுல வச்சு எழுதல. சத்தியமா எழுதல. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அனுப்புங்க." கொஞ்சம் நிறுத்தி, "நானும் போடுறேன்," என்றார்.

"நீங்களுமா?" அந்தக் குரல் திகைத்துப்போயிற்று. "அப்புறம் எதுக்குங்க எனக்கு வீடெல்லாம் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்கல்ல."

ஐந்து மணிக்கு ஒன்பது நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெண்ணின் விண்ணப்பம் மின்னஞ்சலில் வந்து விழுந்தது. எழுத்தர் அதையும் அச்சிட்டுக் கோப்பில் போட்டுக் கட்டோடு சேர்த்தார். அதற்கு முன்பே மேடம் தம்முடையதை வெட்கத்தோடு நீட்டியிருந்தார். அவரும் "கொண்டாங்க மேடம், எப்பவோ எதிர்பார்த்தேன்" என்று வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, கட்டின் நடுவில் செருகியிருந்தார். மணி அடித்தது. எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"மொத்தம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க மேடம். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

மேடம் எண்ணினார். ஒவ்வொரு கோப்பின் மேலும் விரல் நுனியை வைத்து, உதடு அசைய எண்ணினார். கடைசியாக வந்த அந்தப் பெண்ணின் கோப்பைத் தொடும்போது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது.

"இருபத்தாறு அண்ணே."

"இருபத்தாறா? எனக்கு இருபத்தேழு வருதே. இன்னொரு தரம் பாருங்க."

மறுபடியும் எண்ணினார், மேலிருந்து கீழே, மெதுவாக. "இருபத்தாறுதான்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மேடத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் கோப்புகளையே பார்த்த மனிதர், அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அந்த நீலக் கோப்பை விட்டுட்டீங்க மேடம்," என்றார். "ரெண்டு தரமும்."

மேடம் கட்டைப் பார்த்தார். பழுப்பு நிறக் கோப்புகளுக்கு நடுவே அது ஒன்றுதான் நீலம், குருடருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெயில் பழைய பாலத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நகலெடுக்கும் இயந்திரம் அடுத்த அறையில் தானாக மூச்சுவிட்டு அடங்கியது.

மேடம் முதல் கோப்பிலிருந்து மீண்டும் ஆரம்பித்தார். இந்தத் தடவை வாய்விட்டு. நீலக் கோப்பு வந்ததும் விரல் நின்றது. விரலை எடுத்துவிட்டு, உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் வைத்து, அழுத்தி, "பதினாலு" என்றார்.

எழுத்தர் தலையசைத்தார். மேடம் கையை எடுக்கவில்லை. ஒரு கையை அதன்மேல் வைத்தபடியே, மறுகையால் மீதியை எண்ணத் தொடங்கினார்.